அவள் கை எடுத்த பொட்டலம்

பரமசிவனுக்கு,

முதலில் 'அன்புள்ள' என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அடித்த கோடு உனக்குத் தெரியட்டும் என்றுதான் புதுத்தாள் எடுக்கவில்லை. உன் மேல் எனக்கு இப்போது இருப்பது அன்பு இல்லை. இருக்கிற மாதிரி எழுத ஆரம்பித்தால் அப்புறம் ஒரு வரியும் உண்மையாக வராது. தை மாதம் உனக்குக் கல்யாணம். கல்யாணம் ஆகப்போகிற மகனுக்கு அப்பன் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். நானும் சொல்லத்தான் போகிறேன், நல்ல வார்த்தையாக இருக்குமா என்பது வேறு விஷயம். இதைத் தபாலில் போடப்போவதில்லை. போட்டோ எடுத்து நம் குடும்ப குரூப்பில் போடப்போகிறேன். நீ சபையில் வைத்துப் பேசினாய், பதிலும் சபைக்கே வரட்டும்.

குற்றாலத்தில், லாட்ஜ் ரிசப்ஷனில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மத்தியானம். அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டு மூன்று நாள் ஆகிறது. எல்லா ரூமும் காலி. முப்பது வருஷமாக இந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சிரித்த முகமாகப் பேசிப் பழகிவிட்டேன். வெந்நீர் வரவில்லை என்று ஒருத்தன் சத்தம் போட்டாலும் "இந்தா பாக்கச் சொல்லுதேன் சார்" என்றுதான் வாயில் வரும். அந்தப் பழக்கத்தையே வீட்டிலும் வைத்துக்கொண்டேன். யாரிடமும் முகம் சுளிக்காமல், யாருக்கும் இல்லை என்று சொல்லாமல் காலத்தை ஓட்டினேன். நீ இப்படி ஆனதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனாலும் உன் பங்கை உன்னிடம்தான் கேட்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சுரண்டையில் உன் நிச்சயதார்த்தம். பெண்ணுக்குப் பூ வைக்கிற நேரம் வந்தது. மாப்பிள்ளையின் தங்கை முதலில் வைக்க வேண்டும், அது முறை. உன் அம்மா தாம்பாளத்திலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து உலகிடம் நீட்டினாள். உலகம்மாள், உன் கூடப்பிறந்த ஒரே தங்கை, இருபத்துநாலு வயதுக்காரி, ஓர் அடி பின்னால் போனாள். "எங் கை வேண்டாம்மா. நீங்க வைங்க" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். பெண் வீட்டார் கூச்சம் என்று நினைத்துச் சிரித்தார்கள். நீ கேமராவுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாய். உன் காதிலும் விழுந்தது, என் காதிலும் விழுந்தது. அந்த ஹால் நிறைய ஆள் இருந்தும், அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று முழுசாகத் தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான்.

அதோடு விட்டாயா? சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வரும்போது பெண்ணின் தாய்மாமன் உன்னிடம், "ஒங்க தங்கச்சி ஃபுட்பால் எல்லாம் ஆடுமாமே" என்று கேட்டார். அவர் சும்மா பேச்சுக்குக் கேட்டார். நீ காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாய். "நேஷனல் கேம்புக்கே கூப்ட்டாவ மாமா. இப்பம் தீபாவளிக்கு முந்தி நம்ம இந்தியாப் பிள்ளைய நேபாளத்துக்கிட்ட பெனால்டில தோத்தாவல்லா, எங்க உலகு கீப்பரா நின்னுருந்தா ரெண்டையாவது தட்டி விட்டுருப்பா. என்ன செய்ய, சாஸ்தா உத்தரவு குடுக்கல. அவ கையாலயே செவப்புப் பூவ எடுத்துட்டா" என்றாய். பிறகு இதையும் சொன்னாய்: "இப்பமும் புனலூர்ல ஒரு ஸ்கூல்ல கோச் வேலைக்குக் கூப்பிடுதாவ, திங்கக்கிழம சேரணுமாம். நாம என்ன முடிவு எடுக்க? வெள்ளிக்கிழம சாஸ்தாட்டயே பூக்கேட்டுருவோம்." மாப்பிள்ளை எவ்வளவு பயபக்தியானவர் என்று இரண்டு பேர் தலையாட்டினார்கள். உலகு அப்போது பாயசக் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கி முடிக்கிற வரைக்கும் அவள் நிமிரவில்லை.

அந்த இடத்திலேயே உன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். நான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தேன்.

குரூப்பில் வெளியூரில் வளர்ந்த பிள்ளைகளும் இருப்பதால் பூக்கேட்பது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு காரியத்தைச் செய்யலாமா வேண்டாமா என்று மனசு நிலைகொள்ளாதபோது சாமியிடம் விடுவது. வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலும் வைத்து, வெளியே தெரியாமல் பொட்டலமாகக் கட்டி, சாமி காலடியில் போடுவார்கள். கும்பிட்டுவிட்டு ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. அப்படியே கொண்டுபோய்க் குளத்தில் விட்டுவிட வேண்டும். நம் வீட்டில் நிலம் விற்றதும், என் அக்காளை எங்கே கட்டிக்கொடுப்பது என்பதும் இப்படித்தான் முடிவானது. நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. அதை வைத்து நீ செய்ததைச் சொல்ல வருகிறேன்.

நீ பிறந்ததிலிருந்தே இப்படி இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக எரிகிறது. லாட்ஜுக்குப் பின்னால் படுக்கை விரிப்பு காயப்போட இரண்டு இரும்புக் குழாய் நட்டிருக்கிறது. ஆனியிலும் ஆடியிலும் சாரல் விழுந்துகொண்டே இருப்பதால் அங்கே எதுவும் காயாது. குழாய் சும்மா நிற்கும். அதுதான் உன் கோல் போஸ்ட். பந்தை அடிக்க உனக்குக் கால் இருந்தது, தடுக்க ஆள் இல்லை. "ஏட்டி, இங்கன வந்து நில்லு" என்று எட்டு வயதுப் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தியது நீதான். அவள் ஈரத்தில் விழுந்து எழுந்து சேறும் சகதியுமாக வருவாள். அம்மா ஏசினால் நீ குறுக்கே வந்து, "அவள ஏசாதீங்க, நாந்தான் கூப்ட்டேன்" என்பாய். நனைந்த பந்து கையில் நிற்காது என்பார்கள், அவள் நனைந்த பந்தில்தான் பழகினாள். அவளுக்கு முதல் கையுறை வாங்கிக்கொடுத்ததும் நீதான், பள்ளிக்கூடத்தில் கிடைத்த பரிசுப் பணத்தில் வாங்கினாய். அதையெல்லாம் நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் உன்னை வெறுப்பது எளிதாக இருந்திருக்கும்.

பிறகு ஒரு நாள் உன் காலேஜ் கூட்டாளிகள் சீசனுக்குக் குளிக்க வந்தார்கள். நீ காலேஜ் டீமில் ஃபார்வர்டு. அவளுக்கு அப்போது பதினாறு வயது, மாவட்ட அணியில் எடுத்திருந்தார்கள். கூட்டாளி ஒருத்தன், "ஒன் தங்கச்சிக்குப் பத்துப் பெனால்டி அடிலே பாப்போம்" என்றான். முதல் ஐந்தில் நாலைத் தடுத்தாள். அவர்கள் விசிலடித்தார்கள், உனக்குக் கழுத்து வரை சிவந்தது. பந்தை எடுத்து வருகிற சாக்கில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் உட்கார்ந்திருக்கிற கொட்டகைப் பக்கம் போனாய். அவர்கள் கிண்ணத்தில் கையை விட்டுப் பந்து முழுக்கத் தடவினாய். நான் சமையல்கட்டு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாவது பந்து அவள் கையில் பட்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அவள் கையை முகர்ந்து பார்த்தாள், உன்னைப் பார்த்தாள்.  குனிந்து இரண்டு கையிலும் மணலை அள்ளித் தேய்த்துக்கொண்டு மறுபடியும் நின்றாள். மிச்சம் நாலையும் தடுத்துவிட்டாள். உன் கூட்டாளிகளுக்கு இன்றுவரைக்கும் எண்ணெய் விஷயம் தெரியாது, அவள் சொல்லவில்லை. நான் அன்றைக்கு என்ன செய்தேன் தெரியுமா? பையன் விளையாட்டுத்தனம் என்று சிரித்தேன். சிரித்ததோடு அல்லாமல் அம்மாவையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தேன். என் முதல் தப்பு அது.

அதற்குப் பிறகுதான் உனக்குத் திடீரென்று குடும்ப மானம் ஞாபகம் வந்தது. "டவுசர் போட்டுக்கிட்டு ஊர் ஊரா போறா, எல்லாவனும் கேக்கான்" என்று ஆரம்பித்தாய். யார் கேட்டார்கள் என்று நான் கேட்டபோது ஒரு பேரும் உன் வாயில் வரவில்லை. அவள் மாநில அணிக்குப் போனாள். பதினெட்டு வயதில் தேசிய அணிக்கான பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டார்கள். அந்த முகாமில் தேறினால் தெற்காசிய நாடுகள் ஆடுகிற பெண்கள் போட்டிக்குப் போகலாம். அப்பன் சம்மதக் கையெழுத்துப் போட்டு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். அதில் நான் கையெழுத்துப் போடவும் இல்லை, போடமாட்டேன் என்று சொல்லவும் இல்லை. பதினைந்து நாள் இந்த மேஜை டிராயரில் வைத்திருந்தேன். முதலாளி, "பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்புதியளா?" என்று ஒரு தடவை கேட்டார். என் அக்காள், "நாளைக்கு மாப்பிள்ளை பாக்கும்போது என்ன சொல்லுவிய?" என்று ஒரு தடவை கேட்டாள். அவ்வளவுதான், எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அப்போதுதான் நீ வந்து, "நாம ஏம்ப்பா மண்டைய ஒடைக்கணும், சாஸ்தாட்டயே விட்ருவோம்" என்றாய். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

நம் சாஸ்தா கோயிலில் அன்றைக்கு நாம் நாலு பேரும் பூசாரியும் மட்டும். பொங்கல் பானை பொங்கி வழிந்ததால் பூசாரி அடுப்புப் பக்கம் நின்றார். "நா கட்டித் தாரேன் அண்ணாச்சி" என்று நீதான் வாழையிலைத் துண்டை வாங்கினாய். நீயே நாரால் கட்டினாய், நீயே கொண்டுபோய்ச் சாமி காலடியில் வைத்தாய். பூசாரி எடுக்க வந்தபோது நீ ஒன்று சொன்னாய் பார். இத்தனை வருஷம் ஆகியும் அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "அவளுக்குத்தானே கேக்கோம், அவ கையாலயே எடுக்கட்டும்." பிள்ளை கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு வலது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தாள். செவ்வரளி. அவள் அழவில்லை. அந்தப் பூவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு, "சாமி ஒரு காரணமாத்தான் சொல்லும்ட்டி" என்றாள்.

மற்றப் பொட்டலத்தைக் குளத்தில் விடுகிற வேலை என்னுடையது. படிக்கட்டில் இறங்கி, குனிந்து தண்ணீரில் விட்டேன். நீ நாரை இறுக்கிக் கட்டவில்லை. தண்ணீர் பட்டதும் இலை விரிந்துவிட்டது. உள்ளே இருந்து மிதந்து வந்ததும் செவ்வரளிதான். வெள்ளை நந்தியாவட்டை நாலு பூவை அன்று காலையில் நானே செடியிலிருந்து பறித்துக் கொடுத்திருந்தேன், அது எதிலும் இல்லை. நான் திரும்பிப் பார்த்தேன். மேல்படியில் நீ நின்றுகொண்டிருந்தாய். உன் கை வேட்டி மடிப்பில் இருந்தது. என்னைப் பார்த்தாய். நானும் உன்னைப் பார்த்தேன். கையால் தண்ணீரைத் தள்ளி அந்தப் பூக்களை நடுக்குளத்துக்குப் போக விட்டுவிட்டு மேலே ஏறி வந்தேன். "பொங்கல் ஆறுது, வாங்க" என்று நான்தான் எல்லோரையும் கூப்பிட்டேன்.

என் குற்றம் இதுதான், இதைவிடச் சின்னதாக எழுத எனக்கு வழி தெரியவில்லை. நீ ஏமாற்றினாய். ஏமாற்றியதைப் பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் எனக்கு அது வசதியாக இருந்தது. முதலாளி கேட்டாலும், அக்காள் கேட்டாலும், அவளுடைய பி.டி. டீச்சர் வீட்டுக்கே வந்து கண் கலங்கக் கேட்டபோதும், எல்லோருக்கும் ஒரே பதில் கையில் இருந்தது: சாமி சொல்லிட்டு. நான் கெட்ட அப்பனும் ஆகவில்லை, துணிந்த அப்பனும் ஆகவில்லை. முகாமுக்குப் போயிருந்தால் அவள் தேறியிருப்பாள் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். நாடு முழுக்க இருந்து வருகிற பிள்ளைகள். நாலே நாளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பியிருக்கலாம். ஆனால் அங்கே போய், ஆடி, போதாது என்று அவர்கள் சொல்லிக் கேட்டுத் திரும்புகிற பாக்கியத்தைக்கூட நாம் அவளுக்குக் கொடுக்கவில்லை.

அந்த முறை நம் பெண்கள் இறுதி ஆட்டத்தில் நேபாளத்தை மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்துக் கோப்பையோடு வந்தார்கள். அதோடு சேர்த்து ஐந்து தடவை, போட்டி ஆரம்பித்ததிலிருந்து ஒரு தடவைகூட விடாமல் கோப்பை நம்முடையதுதான். உலகு இதே ரிசப்ஷனில் உட்கார்ந்து போனில் செய்தியைப் பார்த்தாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள், "பாத்தியளாப்பா, நா இல்லாமலும் ஜெயிச்சிட்டாவ." அதற்கு அடுத்த தடவை அரை இறுதியில் நேபாளத்திடம் ஒரு கோலில் தோற்றோம், கோப்பை பங்களாதேஷ் பெண்களிடம் போனது. அப்போதும் நீ, "நம்ம உலகு இருந்திருந்தா" என்று ஆரம்பித்தாய். ஜெயித்தபோது உனக்கு அவள் ஞாபகம் வரவில்லை. தோற்கும்போது மட்டும் அவள் பேரை எடுத்து, நாலு பேர் முன்னால் உனக்கு ஒரு பெருமை தேடிக்கொள்கிறாய். அந்தப் பெருமையின் கழுத்தைத் திருகியவனே நீதான்.

இந்தத் தடவை அரை இறுதியை நானும் அவளும் சேர்ந்து பார்த்தோம். தென்காசியில் துணிக்கடை பில் வேலைக்கு அன்றைக்கு லீவு சொல்லியிருந்தாள், தீபாவளிக் கூட்டத்தில் லீவு கேட்டதற்கு அங்கே என்ன பேச்சு வாங்கினாளோ. நாம் ஒரு கோல் போட்டோம். நேபாளம் போட்ட கோலை நடுவர் செல்லாது என்று சொன்னதும் தகராறு ஆகி, ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே நின்றது. நான் டீ போட்டுக்கொண்டு வந்தேன். அவள் குடிக்கவில்லை. "இவ்வளவு நேரம் நின்னா கீப்பருக்குத்தாம்ப்பா கஷ்டம். மத்தவ ஓடிச் சூடாக்கிக்கிடுவா, கீப்பருக்குக் கையி ஆறிரும்" என்றாள். மறுபடி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் நேபாளம் சமன் செய்தது. பெனால்டியில் நாம் தோற்றோம். இறுதி ஆட்டத்தில் நேபாளத்தையும் தோற்கடித்து மறுபடியும் பங்களாதேஷே கோப்பையை எடுத்தது. அரை இறுதி முடிந்ததும் நான், "நம்ம கீப்பர் ஒண்ணையாவது பிடிச்சிருக்கலாம்" என்று சும்மா சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "அந்தப் பிள்ளையக் குத்தம் சொல்லாதீங்க. அங்கன போய் நின்னாள்லா" என்றாள். பிறகு தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "எங் கைதான் சரியில்ல. நல்லத எடுக்கத் தெரியாத கை" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஆறு வருஷமாக அவள் அப்படித்தான் இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியுமா? கடையில் குலுக்கல் சீட்டு எடுக்கச் சொன்னால் பக்கத்தில் நிற்கிறவளை எடுக்கச் சொல்வாள். அம்மா புதுச் சேலையில் இரண்டு நிறம் காட்டி எது வேண்டும் என்று கேட்டால், நீங்களே சொல்லுங்கள் என்பாள். உன் நிச்சயத்தில் பூ வைக்க மறுத்தது கூச்சத்தினால் இல்லை. தன் கை பட்டால் உன் வாழ்க்கைக்கு ஆகாது என்று நினைத்துப் பின்னால் போனாள். உனக்கு, உன் வாழ்க்கைக்கு. எண்ணெய் தடவிய பந்தைக்கூட மணலைத் தேய்த்துக்கொண்டு பிடித்த கை அது. அந்தக் கையை அவளே நம்பாதபடி செய்தோமே, அதற்கு என்ன பேர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் புனலூர்க்காரர்களுக்கு அவள் கையைப் பற்றி நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் செங்கோட்டையில் அவள் பழக்கிய நாலு பிள்ளைகள் கோல் போஸ்டில் நிற்கிற விதத்தைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

சரி, கல்யாண புத்திமதி. உனக்கு வரப்போகிறவள் படித்த பெண், லேபில் வேலை பார்க்கிறவள். என்றைக்காவது அவள் ஒன்று செய்ய வேண்டும் என்று சொல்வாள், உனக்குப் பிடிக்காது. அப்போது உன் வாயால், 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல். பொறாமையாக இருந்தால் பொறாமை என்று சொல், பயமாக இருந்தால் பயம் என்று சொல். சொன்னால் அவள் உன்னோடு சண்டை போடுவாள், ஜெயிப்பாள் அல்லது தோற்பாள். சாமி சொல்லிவிட்டது என்று நீ ஒளிந்துகொண்டால் அவள் யாரோடு சண்டை போடுவாள்? எதிரில் பந்தை வைத்துக்கொண்டு நிற்பவன் யார் என்று தெரிந்தால்தானே ஒருத்தி எந்தப் பக்கம் தாவுவது என்று முடிவு செய்ய முடியும். உலகுக்கு நாம் அதைக்கூடக் காட்டவில்லை. என்னிடமிருந்து நீ நல்லதாக ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை, ஒளிந்துகொள்வதை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டாய். அதை என்னோடு விட்டுவிடு, அந்தப் பெண்ணோடு வாழப்போகிற வீட்டுக்குக் கொண்டு போகாதே.

உன் அம்மாவிடம் நேற்று சொல்லிவிட்டேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டு, "அப்பம் சாமி ஒண்ணும் சொல்லலியா? நாந்தான் அது பேரச் சொல்லி இத்தன வருசம் பிள்ளைய அடக்கி வச்சேனா?" என்று கேட்டாள். பிறகு என்னோடு பேசவில்லை. இன்று காலை எனக்கு டீயும் கிடைக்கவில்லை. உனக்குப் போன் செய்தாளாம், நீ எடுக்கவில்லையாம். எடுக்காதே. எடுத்தால் உனக்குத்தான் கஷ்டம்.

வெள்ளிக்கிழமை பூக்கேட்பது கிடையாது. மீறி நீ ஏற்பாடு செய்தால் நானும் வருவேன். சாமி காலடியில் வைத்த இரண்டு பொட்டலத்தையும் எல்லோர் முன்னாலும் பிரிப்பேன், முறை தப்பு என்று யார் சொன்னாலும் சரி. திங்கட்கிழமை காலை பஸ்ஸில், புளியறை வழியாக, நானே அவளைப் புனலூருக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு வருவதாக இருக்கிறேன். உனக்கு முன்னால் தங்கை கல்யாணம் முடியவில்லையே என்று யாராவது கேட்டால், அப்பன் அனுப்பிவிட்டான் என்று சொல். என் பேரைச் சொல். என்னைத்தான் சொல்ல வேண்டும்.

இதுவரைக்கும் எழுதியதைக் குரூப்பில் போடுவதற்கு முன்னால் உலகிடம் கொடுத்தேன். எல்லோரும் படித்த பிறகு அவள் படிப்பது நியாயம் இல்லை என்று தோன்றியது. கடையில் சாப்பாட்டு இடைவேளை விட்டதும் இங்கே வரச் சொல்லியிருந்தேன். குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டு, என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து படித்தாள். எல்லாத் தாளையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். குளத்துப் பக்கம் வந்ததும் திரும்ப மேலே போய் மறுபடி படித்தாள். நான் ரூம் சாவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டுலயும் செவப்பா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அப்பம் எந்தப் பக்கம் எடுத்துருந்தாலும் அதான் வந்துருக்கும்."

"ஆமா."

"எங் கைல தப்பில்ல."

 அவள் என்னிடம் கேட்கவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும் பாத்தியளாப்பா?" என்றாள். படித்தது போதாமல் என் வாயிலிருந்து வர வேண்டும் என்று கேட்கிறாள் என்று புரிந்தது. பார்த்தேன் என்றேன். "பாத்துட்டா பொங்கல் திங்கக் கூப்ட்டிய?" என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன். உன்னை ஒரு வார்த்தை அவள் ஏசவில்லை. அந்தப் பொட்டலத்தை எடுத்த கையை மேஜை மேல் விரித்து வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஐந்தாறு பேர் அருவியில் தடை எடுத்தாச்சா என்று கேட்டு வந்தார்கள், நான் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

போகும்போது தாளை அடுக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, "திங்கக்கிழம நீங்க வர வேண்டாம். நானே போயிக்கிடுவேன்" என்றாள். பஸ் ஸ்டாண்டு வரையாவது வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். எனக்குக் கிடைக்க வேண்டியதுதான், அதை இங்கே எழுதிவைக்கிறேன். உனக்குக் கிடைக்க வேண்டியது என்ன என்று அவள் இன்னும் சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள் நின்றாள். உனக்கு ஒன்று எழுதச் சொன்னாள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே போடுகிறேன்.

"அண்ணன்ட்ட எழுதுங்க. கல்யாணத்துக்கு நா வருவேன். மைனிக்குப் பூ எங் கையாலதான் வப்பேன்."

எழுதிவிட்டேன்.

அப்பா